முதல் நடை, இரண்டாம் நடை: ஹெலிகாப்டரில் வரும் காலாட்படை

1971 டிசம்பர் 9 அன்று இந்திய இராணுவத்தின் 4ஆவது கோர் என்ற பெரும்படைப் பிரிவு மேகனா ஆற்றின் கிழக்குக் கரையை எட்டியிருந்தது. ஆற்றைத் தாண்டிவிட்டால் டாக்காவுக்கு வழி திறந்துவிடும். ஆனால் அஷுகஞ்சில் இருந்த பெரிய ரயில் பாலத்தைப் பின்வாங்கிய பாகிஸ்தான் படை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. ஆறோ கிலோமீட்டர் கணக்கில் அகலம். மிதவைப் பாலம் போடச் சாமானும் இல்லை, நேரமும் இல்லை. கோர் தளபதி சகத் சிங்கிடம் இருந்தவை ஒரு டஜனுக்குச் சற்றுக் கூடுதலான எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள். சோவியத் தயாரிப்பு, பிஸ்டன் எஞ்சின், ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறலாம். அன்றே அவற்றில் வீரர்களை ஏற்றி அக்கரையில் ராய்ப்புரா பக்கம் இறக்கத் தொடங்கினார். இரவிலும் நிறுத்தவில்லை. அடுத்த நாட்களில் இறங்குமிடம் நரசிங்டிக்கு முன்னேறியது. உள்ளூர் மக்கள் நாட்டுப் படகுகளில் பீரங்கியும் சாமானும் கடத்திக் கொடுத்தார்கள். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, மேகனாவைத் தாண்டிய படை நகரத்தின் வாசலில் நின்றது.

ஹெலிகாப்டரில் காலாட்படையைக் கொண்டுபோய்ச் சண்டையில் இறக்குவது என்றால் என்ன, அது எப்படி வளர்ந்தது, எங்கே உடைகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. இராணுவ விஷயம் எதுவும் தெரியாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹெலிகாப்டர் காலாட்படை வானத்திலிருந்து சண்டை போடும் படை கிடையாது. அவர்கள் சாதாரணக் காலாட்படை வீரர்கள்தான். துப்பாக்கி, மெஷின்கன், மார்ட்டர், முதுகில் பை. இறங்கியபின் நடந்துதான் சண்டை போடுவார்கள். ஹெலிகாப்டர் அவர்களை ஆறு, மலை, காடு, கண்ணிவெடி வயல் எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கிக்கொண்டு போய், எதிரி எதிர்பார்க்காத இடத்தில் இறக்கும் வண்டி. வேலை முடிந்தால் திரும்ப ஏற்றிக்கொண்டும் வரும். இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தோன்றும். ஆனால் இதற்கு முன்பிருந்த பாராசூட் படைக்கு அது கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து படை இறக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாராசூட், இன்னொன்று எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம். 1944 ஜூனில் நார்மண்டியில் குதித்த அமெரிக்க வீரர்கள் மைல் கணக்கில் சிதறி விழுந்தார்கள். தங்கள் படைக்குழுவைத் தேடிச் சேரவே பலருக்கு ஒரு நாள் ஆனது. 1941 மேயில் கிரீட் தீவைப் பாராசூட் படையால் பிடித்த ஜெர்மனி, அங்கே கொடுத்த உயிர்ப்பலியைப் பார்த்துவிட்டு அந்த அளவில் மறுபடி முயலவே இல்லை. குதித்தவர்களைத் திரும்ப எடுக்க வழி கிடையாது என்பதால், தரைப்படை வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். 1944 செப்டம்பரில் ஆர்ன்ஹெமில் தரைப்படை வந்து சேரவில்லை. குதித்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள்.

ஹெலிகாப்டர் யோசனை பிறந்தது கொஞ்சம் விசித்திரமான இடத்தில். 1946 ஜூலையில் பசிபிக் கடலின் பிகினி தீவுகளில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதை நேரில் பார்த்த, மரைன் படையின் (கடலிலிருந்து கரையில் இறங்கிப் போரிடும் படை) தளபதி ராய் கைகருக்கு ஒன்று உறைத்தது. இனி கரைக்கு அருகே நூற்றுக்கணக்கான கப்பல்களைக் குவித்து வைத்துப் படை இறக்க முடியாது, ஒரு குண்டு போதும் எல்லாம் போய்விடும். கப்பல்கள் தள்ளித்தள்ளி நிற்கவேண்டும், வீரர்கள் வேகமாகக் கரை சேரவேண்டும். அப்படியானால் வழி என்ன? 1947 கடைசியில் மரைன்கள் ஹெலிகாப்டர் சோதனைக்கென்றே ஒரு பறக்கும் பிரிவைத் தொடங்கினார்கள். 1948 மேயில் நடந்த ஒத்திகையில் 5 ஹெலிகாப்டர்கள், விமானியைத் தவிர ஒன்றுக்கு 3 பேர் வீதம், திரும்பத் திரும்பப் பறந்து 66 வீரர்களைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தன. பார்த்தவர்களில் சிலர் சிரித்திருக்கக்கூடும்.

மூன்றே ஆண்டுகளில் கொரியப் போரில் அது நிஜமானது. 1951 செப்டம்பர் 21 அன்று மரைன்களின் ஹெலிகாப்டர்கள் 884 என்று எண்ணிட்ட ஒரு மலையுச்சிக்கு 224 வீரர்களையும் சுமார் 8 டன் சாமானையும் கொண்டுபோய்ச் சேர்த்தன. 4 மணி நேரம் ஆனது. முழு ஆயுதத்தோடு அந்த மலையை ஏறியவர்கள் 4 மணி நேரத்தை வேகம் என்றுதான் சொல்வார்கள். 1956 நவம்பரில் சூயஸ் நெருக்கடியின்போது, பிரிட்டிஷ் மரைன்கள் 415 பேர் இரண்டு கப்பல்களிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எகிப்தின் போர்ட் சயீதில் இறங்கினார்கள்.

சரி, இந்த மணிக்கணக்கை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்? இந்த உத்தியின் உயிர் இருப்பது அதில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டாலியனில் 500 பேர். உங்களிடம் 16 ஹெலிகாப்டர்கள், ஒன்றில் 8 பேர். ஒரு நடைக்கு 128 பேர். நான்கு நடை அடிக்கவேண்டும். போய் இறக்கி, திரும்பி வந்து, ஏற்றி, மறுபடி போக அரை மணி நேரம் என்றால், முதல் நடை இறங்கியதிலிருந்து கடைசி நடை இறங்க ஒன்றரை மணி நேரம். ஒரே வேனை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு ஆட்களை நடை நடையாக ஏற்றிவிட்ட அனுபவம் இருந்தால் இது உடனே புரியும். கல்யாண வீட்டில் முதலில் போனவர்கள் காபி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இங்கே முதலில் போன 128 பேர், ஒரு பட்டாலியன் செய்யவேண்டிய சண்டையைத் தனியாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைவிட மோசம், இறங்கும் சத்தம் பத்து கிலோமீட்டருக்குக் கேட்டிருக்கும். முதல் நடை எதிர்பாராத அடி. இரண்டாம் நடை வரும்போது எதிரிக்கு இடம் தெரியும், திசையும் தெரியும்.

அதனால் ஹெலிகாப்டர் காலாட்படையின் வரலாற்றைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: இரண்டாம் நடை வந்ததா? அடுத்து வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் அந்த இடைவெளியைக் குறைக்க, அல்லது அந்த இடைவெளியில் முதல் நடையைக் காப்பாற்ற வந்ததுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவில் (1954 முதல் 1962 வரை) இதை அடிபட்டுக் கற்றார்கள். மலைகளில் கொரில்லாக் குழுவைச் சூழ வேண்டும், சாலையில் போனால் அதற்குள் ஓடிவிடுவார்கள். வளைந்த உடம்பால் வாழைப்பழம் என்றே பெயர் வாங்கிய ஹெச்-21 ஹெலிகாப்டர்களில் வீரர்களை ஏற்றிச் சுற்றிலும் இறக்கினார்கள். இறங்கும் நேரத்தில் மேலிருந்து சுட ஏதாவது வேண்டும் என்று சில ஹெலிகாப்டர்களில் 20 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்தினார்கள். இன்றைய தாக்குதல் ஹெலிகாப்டருக்கு அவைதான் மூதாதை.

பிஸ்டன் எஞ்சின்தான் அப்போது பெரிய தொல்லை. காற்று சூடானால் அதன் அடர்த்தி குறையும், உயரம் ஏறினாலும் குறையும். மேலே சுழலும் விசிறி தள்ளுவதற்குக் காற்று போதாது, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். காகிதத்தில் 20 பேரைத் தூக்கும் ஹெச்-21, வெப்ப நாடுகளில் அதில் பாதியைத் தூக்கினாலே பெரிய விஷயம். ஏற்றும் ஆள் பாதியானால் நடை இரட்டிப்பாகும். 1956 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த பெல் நிறுவனத்தின் ஹெலிகாப்டர் இதை மாற்றியது. பின்னாளில் ஹ்யூயி என்று உலகம் முழுக்க அறியப்பட்டது இதுதான். இதில் டர்பைன் எஞ்சின். எடை குறைவு, சக்தி அதிகம். சின்னதாக இருந்ததால் அதைக் கூரைமேல் வைத்துவிட்டு, கீழே முழு அறையையும் ஆட்களுக்கு விட்டுவிடலாம். இரண்டு பக்கமும் அகலக் கதவு. வீரர்கள் சில நொடிகளில் குதித்து இறங்கிவிடலாம், ஹெலிகாப்டர் தரையைத் தொட்டும் தொடாமலும் கிளம்பிவிடலாம். எஞ்சினைவிட இந்தக் கதவுதான் பல உயிரைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வண்டி கிடைத்தது, அப்புறம் அதை வைத்து ஒரு படையையே கட்டலாமே என்ற எண்ணம் வந்தது. 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா கேட்டுக்கொண்டதன்பேரில் ஜெனரல் ஹாமில்டன் ஹௌஸ் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. 1963இல் சோதனை டிவிஷன் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும்படை) ஒன்று உருவானது. அதன் தலைவர் ஹாரி கின்னார்ட், உலகப் போரில் பாராசூட் வீரராக இருந்தவர். பாராசூட்டின் குறைகளை உடம்பால் அறிந்தவர்களே ஹெலிகாப்டருக்கு வழக்காடினார்கள் என்பது கவனிக்கவேண்டியது. 1965 ஜூலையில் அது 1ஆவது குதிரைப்படை டிவிஷன் என்ற பழைய பெயரை வாங்கிக்கொண்டு, 400க்கும் மேற்பட்ட ஹெலிகாப்டர்களுடன் வியட்நாமுக்குப் புறப்பட்டது. குதிரை ஒன்றுகூட இல்லை.

எதிர்த்தரப்பும் இதற்குள் சும்மா இருக்கவில்லை. 1963 ஜனவரி 2 அன்று மேகாங் கழிமுகத்தின் ஆப் பாக் கிராமத்தில், சுமார் 350 வியட்காங் (தென்வியட்நாம் அரசை எதிர்த்த கம்யூனிஸ்ட் கொரில்லா) வீரர்கள் மரவரிசைக்குள் பதுங்குகுழி தோண்டிக் காத்திருந்தார்கள். பறக்கும் இலக்குக்கு எவ்வளவு முன்னால் குறிவைக்கவேண்டும் என்று பயிற்சி எடுத்திருந்தார்கள். தென்வியட்நாம் படையை ஏற்றிவந்த ஹெச்-21 ஹெலிகாப்டர்கள் அந்த மரங்களுக்கு மிக அருகே இறங்கின. மொத்தம் வந்த 15 ஹெலிகாப்டர்களில் 14 அடிவாங்கின, 5 விழுந்தன. ஹெலிகாப்டர் இறங்கும் அந்த அரை நிமிடத்தில் அது அசையாத இலக்கு என்பதை உலகமே அன்று தெரிந்துகொண்டது.

இனி வியட்நாமின் இயா ட்ராங் பள்ளத்தாக்கு. ஒரே ஒரு சண்டையை மட்டும் விரிவாகப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1965 நவம்பர் 14. கம்போடிய எல்லைக்கு அருகே, சூ போங் மலையடிவாரத்தில், எக்ஸ்-ரே என்று பெயரிட்ட ஒரு வெட்டவெளி. லெப்டினன்ட் கர்னல் ஹரால்ட் மூரின் பட்டாலியனில் அன்று சுமார் 450 பேர். கிடைத்தவை 16 ஹ்யூயிகள். எரிபொருள், ஆயுதம், வெயில் எல்லாம் சேர்ந்து, 16இலும் சேர்த்து ஒரு நடைக்கு 80 பேருக்குள்தான் போகமுடியும். முதலில் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருந்த பீரங்கிகள் வெட்டவெளியின் ஓரங்களை அடித்தன. அந்தப் பீரங்கிகளுமே ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் வைக்கப்பட்டவை. பிறகு தாக்குதல் ஹெலிகாப்டர்கள் ராக்கெட் விட்டன. காலை 10.48க்கு முதல் நடை தரையைத் தொட்டது. முதலில் குதித்தவர்களில் மூரும் ஒருவர்.

சுமார் அரை மணி நேரத்தில் ஒரு வட வியட்நாம் வீரர் பிடிபட்டார். மலைமேல் மூன்று பட்டாலியன் இருக்கிறது என்றார் அவர். மூரின் ஆட்களில் பெரும்பாலோர் அப்போது இன்னும் கிளம்பிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். பிற்பகலில் சண்டை மூண்டது. ஒவ்வொரு நடையும் முந்தையதைவிட மோசமான தீயில் இறங்கியது. ஒரு கட்டத்தில் மூர் இறங்குமிடத்தையே மூடவேண்டியதாயிற்று. பட்டாலியன் முழுதாக வந்து சேர்ந்தபோது மாலை மூன்று மணி தாண்டியிருந்தது. விமானிகள் புரூஸ் கிராண்டாலும் எட் ஃப்ரீமனும் ஆயுதமற்ற ஹ்யூயிகளில் தோட்டாவும் தண்ணீரும் கொண்டுவந்து, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது.

எக்ஸ்-ரேவில் 79 அமெரிக்கர்கள் இறந்தார்கள். வட வியட்நாம் தரப்பில் பலமடங்கு. பட்டாலியன் அழியாமல் தப்பியதற்குக் காரணம், நடை நிற்காமல் வந்ததும், பீரங்கியும் விமானங்களும் சுற்றிலும் வேலி போட்டதும்தான். மூன்று நாள் கழித்து, நவம்பர் 17 அன்று, அதே படையணியின் இன்னொரு பட்டாலியன் ஆல்பனி என்ற அடுத்த வெட்டவெளிக்கு நடந்தே போனது. வழியில் நீளவரிசையாக நின்றவர்கள்மேல் பாய்ச்சல் விழுந்தது. 155 பேர் இறந்தார்கள். எதிரியும் ஆளும் கலந்துவிட்டதால் பல மணி நேரம் பீரங்கியால் உதவமுடியவில்லை. வட வியட்நாம் தளபதிகள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒரு வாசகமாகவே பரவியது: எதிரியின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போடு. அவ்வளவு நெருங்கிவிட்டால் அவனுடைய பீரங்கிக்கும் விமானத்துக்கும் வேலை இல்லை.

அவர்கள் செய்த இன்னொன்றும் உண்டு. அடர்காட்டில் ஹெலிகாப்டர் இறங்கும் வெட்டவெளிகள் எண்ணிச் சொல்லும் அளவில்தான் இருக்கும். அவற்றைச் சுற்றி முன்கூட்டியே குழிதோண்டி, கம்பம் நட்டு, மெஷின்கன் வைத்துவிட்டால், வருகிறவன் உங்களிடமே வந்து சேர்வான். 1971இல் லாவோசுக்குள் தென்வியட்நாம் படையை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் இறக்கிய லாம் சோன் 719 நடவடிக்கையில் இது உச்சத்துக்குப் போனது. லோலோ என்ற ஒரே இறங்குமிடத்தில் மார்ச் 3 அன்று 11 ஹெலிகாப்டர்கள் விழுந்தன. அந்த நடவடிக்கை முழுவதிலும் 100க்கு மேல் அழிந்தன, 600க்கு மேல் சேதமடைந்தன. வியட்நாம் போர் முழுவதையும் எடுத்தால், பணியாற்றிய சுமார் 12,000 அமெரிக்க ஹெலிகாப்டர்களில் ஏறத்தாழ 5,000 திரும்பவில்லை.

அதே 1971இல்தான் மேகனா. லாவோசில் அப்படி அடிவாங்கிய உத்தி, ஒன்பது மாதம் கழித்து, அதைவிடப் பழைய ஹெலிகாப்டர்களை வைத்துக்கொண்டு வங்கத்தில் எப்படி வேலை செய்தது? முதல் காரணம், கிழக்கில் பாகிஸ்தான் விமானப்படை போர் தொடங்கிய சில நாட்களிலேயே செயலிழந்துவிட்டது. டாக்காவின் தேஜ்காவ்ன் ஓடுதளம் குண்டுபட்டுக் குழிகுழியாகிக் கிடந்தது. இரண்டாவது, இறங்கிய இடத்தில் பாகிஸ்தான் படை இல்லை. அவர்கள் பாலத்தருகே பைரப் பஜாரில் காத்திருக்க, இறங்கியவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது, தூரம் குறைவு, ஆற்றைத் தாண்டி இறக்கிவிட்டு உடனே திரும்பலாம். இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 7 அன்று, சில்ஹட் அருகே கூர்க்கா பட்டாலியன் ஒன்றை இறக்கியபோது நிலைமை வேறு. நகரத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகப் படை இருந்தது. கூர்க்காக்கள் சூழப்பட்ட நிலையிலேயே நாட்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள்.

மேகனாவில் கிடைத்த நம்பிக்கை 1987இல் யாழ்ப்பாணத்தில் என்ன செய்தது என்பது தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரிந்த கதை. அக்டோபர் 11 நள்ளிரவு கடந்து, இந்திய அமைதிப்படையின் எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் பலாலியிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் படை இறக்கின. விடுதலைப் புலிகளின் தலைமையை ஒரே இரவில் பிடிப்பது திட்டம். முதலில் 10ஆவது பாரா கமாண்டோக்கள் நூறு பேர் அளவில், அவர்களைத் தொடர்ந்து சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பட்டாலியன். ஆனால் வானொலிப் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டுவிட்டது. மைதானத்தைச் சுற்றியிருந்த கட்டடங்களில் புலிகள் காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் துளைக்கப்பட்டுத் திரும்பின. அதன்பின் நடைகள் நிறுத்தப்பட்டன. சீக்கியப் படையில் இறங்கியிருந்தவர்கள் 30 பேர் மட்டுமே. காலைக்குள் தோட்டா தீர்ந்தது. 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். கமாண்டோக்களை மீட்க டாங்கிகள் ரயில் பாதை வழியாக வரவேண்டியிருந்தது. அந்த நாட்களில் இடையில் சிக்கி மாண்ட பொதுமக்களின் கதை இந்தக் கட்டுரைக்குள் அடங்காது, தனியாகத்தான் எழுதவேண்டும்.

உத்தியாக மட்டும் பார்த்தால், பறக்கவேண்டிய தூரம் சில நிமிடம்தான். மேகனாவைப்போலவே குறைவு. மற்ற எல்லாம் தலைகீழ்: எதிரிக்கு முன்கூட்டியே தெரியும், இறங்குமிடம் ஒன்றே ஒன்று, அதுவும் ஊருக்கு நடுவே, பக்கத்தில் பீரங்கி ஆதரவு இல்லை.

ஹெலிகாப்டர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1982 ஃபாக்லாந்து போர் நல்ல உதாரணம். மே 25 அன்று அர்ஜென்டினாவின் ஏவுகணை பிரிட்டனின் அட்லாண்டிக் கன்வேயர் கப்பலைத் தாக்கியது. அதில் இருந்த 3 சினூக்குகளும் 6 வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களும் போயின. பிரிட்டிஷ் மரைன்களும் பாராசூட் வீரர்களும் முதுகில் சுமையோடு சேற்றிலும் குளிரிலும் தீவைக் குறுக்கே நடந்தார்கள்.

நேரெதிர் உதாரணம் 1991 வளைகுடாப் போர். பிப்ரவரி 24 அன்று அமெரிக்காவின் 101ஆவது டிவிஷன் ஈராக்குக்குள் சுமார் 150 கிலோமீட்டர் தாண்டி, பாலைவனத்தில் ஒரு தளத்தை உருவாக்கியது. அங்கே முதல் வேலையாக எரிபொருளைக் குவித்தார்கள். ஏனென்றால் அடுத்த பாய்ச்சல் அங்கிருந்துதான். மறுநாளே அந்த டிவிஷனின் ஒரு பகுதியான ஒரு பிரிகேடு யூப்ரடீஸ் பள்ளத்தாக்கில் இறங்கி நெடுஞ்சாலையை மறித்தது. பிளாக் ஹாக், சினூக் என்று வண்டிகள் மாறியிருந்தாலும், தளத்தை முன்னே நகர்த்தி நடையின் நீளத்தைக் குறைப்பது என்ற கணக்கு அதே.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முயன்றது இன்னும் துணிச்சலானது. கீவ் நகரின் வாசலில் உள்ள ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் சில நூறு பாராசூட் வீரர்களை எம்ஐ-8கள் இறக்கின. கேஏ-52 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் பாதுகாப்பு கொடுத்தன. முதல் நடை வெற்றி. ஆனால் இங்கே இரண்டாம் நடை ஹெலிகாப்டரில் வருவதாகவே திட்டமில்லை, பெரிய ஐஎல்-76 விமானங்கள் அந்த ஓடுதளத்திலேயே வந்து இறங்கவேண்டும். உக்ரைன் பீரங்கிகள் ஓடுதளத்தை அடித்துக் குழியாக்கின. விமானங்கள் வரவில்லை. பெலாரஸ் பக்கமிருந்து தரைப்படை மறுநாள் வந்து நிலையத்தைப் பிடித்துக்கொண்டாலும், ஓடுதளம் உதவாமலேயே போயிற்று. மார்ச் கடைசியில் ரஷ்யப் படை அந்தப் பகுதியைவிட்டே விலகியது.

1980களில் ஆப்கானிஸ்தானில் ஸ்டிங்கர் போன்ற தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் சோவியத் ஹெலிகாப்டர்களின் பறக்கும் முறையையே மாற்றின. இப்போது ட்ரோன்களும் நீள்தூர ராக்கெட்டுகளும் சேர்ந்துகொண்டன. ஹெலிகாப்டர் நிற்கும் தளத்தைப் போர்முனையிலிருந்து 40 கிலோமீட்டரில் வைத்திருந்த காலம் போய், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்னே தள்ளவேண்டிய நிலை. தளம் பின்னே போனால் நடை நீளும். 300 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 280 கிலோமீட்டர் போகும் பிளாக் ஹாக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்வர இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும், அவ்வளவு நேரம் முதல் நடை தனியாக நிற்கவேண்டும்.

2022 டிசம்பரில் அமெரிக்க இராணுவம் பெல் நிறுவனத்தின் வி-280ஐத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. விசிறிகள் மேல்நோக்கி இருக்கும்போது ஹெலிகாப்டர், முன்னோக்கிச் சாய்ந்தால் விமானம். மரைன்கள் 2007 முதல் போரில் பயன்படுத்தும் ஆஸ்ப்ரே வகையின் அடுத்த தலைமுறை. வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும், ஆக அதே 300 கிலோமீட்டரைப் போய்வர ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இறங்கும்போது மட்டும் அதுவும் விசிறியை நிமிர்த்தி, வேகத்தைக் கொன்று, ஆப் பாக்கில் அந்த வாழைப்பழங்கள் இறங்கியதுபோலவே மெதுவாகத்தான் தரைக்கு வந்தாகவேண்டும்.